பக்கத்து சீட்

“தினமும் நின்னுக்கிட்டே வர்றியே, கால் வலிக்கலையா?” என்று ஃபெமினா ஒருமுறை பஸ்ஸில் கேட்டாள்.

“லேடீஸ் சீட்ல உட்கார்ந்தா கண்டக்டர் மானத்தை வாங்கிடுவாரு” என்றான் ரெஜிஸ்.

கல்லூரி முடியும்வரை அவன் நின்றுகொண்டேதான் வந்தான். கேட்க நினைத்ததை அவளும் கேட்கவில்லை. திங்கட்கிழமை அவன் வேலைக்காகப் புனே போகிறான். அதற்குள் கல்லூரிப் பாட்டு வீடியோவை முடித்துவிட, காட்டூரில் அவள் வீட்டில் எடிட் செய்துகொண்டிருந்தார்கள்.

திரையில் ஓடியது, ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ரெஜிஸ் எடுத்த காட்சி. ஜன்னலோரம் ஃபெமினா. பக்கத்து சீட்டில் அவள் பை மட்டும். ஆனால் ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த பிம்பத்தில், அந்த சீட்டில் ரெஜிஸ் உட்கார்ந்திருந்தான். பை அவன் மடியில் இருந்தது.

“கேமராவை யார்கிட்ட குடுத்தே?”

“யார்கிட்டயும் குடுக்கலை. நின்னுதானே எடுத்தேன்.”

மற்ற டேக்குகளையும் திறந்து பார்த்தார்கள். எல்லாவற்றிலும் அவன் இருந்தான். கடைசி டேக்கில் ஃபெமினா பாட்டுக்கு வாயசைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குள் இருந்த ஃபெமினா அவன் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

“இதை வெட்டிடலாமா?” அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடியே ரெஜிஸ் கேட்டான்.

ஃபெமினா பக்கத்து நாற்காலியில் கிடந்த பையை எடுத்துத் தரையில் வைத்தாள்.

“இங்க வந்து உட்காரு, ரெஜிஸ்.”