பாடிக்கிட்டே பொறுக்கு

“கேமரா ஓடட்டும். நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க” என்றாள் அனுப்பிரியா.

“சரி மேடம்” என்றான் பிரபு. பாப் பாடகி அனுப்பிரியாவின் வாழ்க்கையைப் படமாக எடுக்கச் சென்னையிலிருந்து வந்திருந்தவன். சிங்கப்பூர், துபாய் என்று மேடையேறுகிறவள், போடிநாயக்கனூரில் ஒரு ஏலக்காய்க் குடோனில்தான் பேட்டி என்று ஏன் ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை.

காரணம் வாசலிலேயே நின்றிருந்தது. பெயர் ஆயம்மாள்.

“வாத்தா, வா! எம்புட்டு நாளாச்சு! டீ சொல்லட்டுமா?”

‘ஓகோ, டீயா?’ என்று நினைத்துக்கொண்டாள் அனுப்பிரியா. எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே குடோனில் சொளகை மடியில் வைத்துக் காய் பொறுக்கியபோது, குடிக்கத் தண்ணீர் கேட்டால்கூட முறைத்த பொம்பளை. இப்போது டீ! பேர் வாங்கினவளைப் பார்த்ததும் வருகிற பாசம் எந்த ஊர்ப் பாசம் என்று அவளுக்குத் தெரியாதா?

அப்போது அவள் பிளஸ் டூ முடித்த கையோடு வேலைக்கு வந்தவள். நாற்பது பெண்கள் உட்கார்ந்து ரகம் பிரிப்பார்கள். சாயங்காலம் ஒவ்வொருத்தியும் தலைமுடியை அவிழ்த்து, மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். சோதிக்கிறது மேற்பார்வை பார்க்கிற ஆயம்மாள். அதெல்லாம் எல்லோருக்கும் பொது. போகட்டும்.

ஆனால் ஒருநாள் காலையில் இவளை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, குடோனே அதிரக் கத்தினாள்: “ஏய் அனு! வாய் சும்மா இருக்கக் கூடாது. பாடிக்கிட்டே பொறுக்கு!”

ஏன் என்று யாருக்குத்தான் புரியாது? பாடுகிற வாய் தின்னாது.

ஏழு மாதம். காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் வரை. தொண்டை கட்டினாலும் பாட வேண்டும். நாற்பது பேருக்கு நடுவில் திருடி என்று நெற்றியில் எழுதி ஒட்டாத குறை.

தின்றாளா என்றால், தின்றாள். காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவள் நாளைக்கு நாலு காய் கடித்தாள். அதற்காக இப்படியா?

“ஆயம்மாக்கா, இப்படி உக்காருங்க” என்று அனுப்பிரியா தன் எதிரில் நாற்காலியைக் காட்டினாள். குடோனின் இப்போதைய முதலாளி ஜெகதீஷ், சலவைச் சட்டையோடு கேமராவுக்குள் விழுகிற மாதிரி வந்து நின்றுகொண்டான்.

“அன்னிக்கு என்னை மட்டும் ஏன் பாடச் சொன்னீங்க?”

ஆயம்மாள் சிரித்தாள். “உன் குரலு அப்படி. கேட்டுக்கிட்டே சோலி பாக்கலாம்ல?”

இதைத்தான் அனுப்பிரியா எதிர்பார்த்தாள். பாடகியை உருவாக்கியவள் என்று பேர் வாங்கப் பார்க்கிறாள்!

“பொய் சொல்லாதீங்கக்கா. காயத் திங்கிறேன்னு என்மேல சந்தேகம். அதான?”

காய் பொறுக்குகிறவர்கள் கைகூட அசையவில்லை.

பிரபு மெல்லக் கேட்டான். “மேடம், நீங்க தின்னீங்களா?”

“சத்தியமா ஒரு காய்கூட இல்ல” என்றாள் அனுப்பிரியா. கேமரா முன்னால் வாய் கூசவில்லை.

ஆயம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு பிரபுவின் பக்கம் திரும்பினாள்.

“ஆமா தம்பி. அந்தப் புள்ள ஒரு காயும் தொட்டதில்ல. நாந்தேன் தப்பா நெனச்சுப் பாடாப் படுத்திட்டேன். மன்னிச்சுருத்தா.”

ஜெகதீஷுக்கு வீரம் வந்துவிட்டது. “மேடம், இது எங்கப்பா காலத்துல நடந்தது. எனக்கு இப்படி ஆளுங்க வேணாம். ஆயம்மா, நாளையிலருந்து நீ வர வேண்டாம்.”

எட்டு வருஷத்துக் கணக்குத் தீர்ந்தது. இனிக்க வேண்டும். இனிக்கவில்லை.

இவ்வளவு லேசாக ஒப்புக்கொள்கிற பொம்பளையா இவள்? மன்னிப்பா? ஏதோ உள்நோக்கம் இருக்கிறது. படம் வெளிவரும் நேரத்தில் வேறு கதை சொல்லுவாளோ?

ஆயம்மாள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். அனுப்பிரியா பின்னாலேயே போய்த் தெருவில் மறித்தாள்.

“என்ன திட்டம் வச்சிருக்கீங்க?”

“என்ன திட்டம்? வெரசாப் போனா பஸ்ஸப் பிடிக்கலாம். அதேன் திட்டம்.”

“நான் தின்னது உங்களுக்குத் தெரியும். ஒரு தடவை உங்க கண்ணு முன்னாடியே தோலைத் துப்பியிருக்கேன். ஏன் கேமராவுல சொல்லல?”

“வயித்துப் பசிக்குத் தின்ன புள்ளைய ஊரு ஒலகத்துக்கே திருடின்னு காட்டுவாகளாத்தா? எனக்கென்ன, ஒரு வேலை. உனக்கு அது பேரு.”

அனுப்பிரியாவுக்கு இன்னும் சந்தேகம் விடவில்லை.

“இவ்வளவு எரக்கம் இருக்கிறவங்க, அன்னிக்கு ஏன் அப்படி வதைச்சீங்க? ஏன் ஏழு மாசமா என்னைப் பாட வச்சீங்க?”

ஆயம்மாள் அவள் கன்னத்தைத் தொட்டாள்.

“நீ உக்கார்ற எடத்துல தோலு கெடந்துச்சுன்னு பெரிய முதலாளி உன்ன வெளிய தள்ளப் பாத்தாரு. ‘விடிஞ்சா அடைஞ்சா பாடிக்கிட்டே இருக்குற புள்ள, எந்நேரம் திங்கும், முதலாளி?’னு நான் அவருகிட்டச் சொல்லணும்னா, நீ அவரு காதுல விழுற மாதிரிப் பாடிக்கிட்டே இருக்கணும்ல ஆத்தா!”