பூட்டி வைத்த பத்திரிகைகள்

“அக்கிரமம்! ஒரு சர்க்கார் இப்படியா உத்தரவு போடும்?”

டில்லி அருங்காட்சியக நூலகத்தின் வாசிப்பு அறையே திரும்பிப் பார்த்தது. மேசையை ஓங்கித் தட்டியவர் கஸ்தூரிரங்கன். கிட்வாய் நகர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். வெள்ளைக்காரன் தடை செய்த பத்திரிகைகளையும் அவன் போட்ட உத்தரவுகளையும் பார்க்க வேண்டும் என்று சில நாளாக வந்துகொண்டிருந்தார்.

நூலகர் அனந்தலக்ஷ்மி எழுந்து ஓடி வந்தாள். “மெதுவா, சார். டில்லியில் இப்போ யாரும் இவ்வளவு சத்தமாப் பேசறதில்லை.”

அது 1976 ஜனவரி. நெருக்கடி நிலை வந்து அரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பஸ்ஸில் பேச்சு இல்லை, ஆபீஸில் பேச்சு இல்லை. காலைப் பேப்பரைப் பிரித்தால் ஒரு கெட்ட செய்தி கிடையாது. நாட்டில் எவருக்கும் ஒரு குறையும் இல்லை என்று தினமும் அச்சடித்துக் கொடுத்தார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் அனந்தலக்ஷ்மிக்கு வயிறு எரியும். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் புருஷனிடம்கூட வாயைத் திறக்க முடியாது. “சர்க்கார் உத்தியோகம், ஜாக்கிரதை” என்று ரேடியோவைத் திருகி வைத்துவிடுவார்.

இந்த நேரத்தில் வாய்விட்டுக் கோபப்பட ஒரு மனிதர்!

“நீங்களே படிச்சுப் பாருங்கோம்மா.” நாற்பத்திரண்டாம் வருஷத்து உத்தரவு ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார் கஸ்தூரிரங்கன். ஓரமெல்லாம் பொடிந்துபோன காகிதம். “ஆட்சேபகரமான செய்தின்னு ஒத்தை வார்த்தை! எது ஆட்சேபகரம்னு எங்கேயாவது ஒரு வரி இருக்கா?”

“அதானே சார்! சொல்லாம விட்டாத்தானே இஷ்டப்பட்டவனைப் பிடிச்சு உள்ளே போடலாம்?”

“இதைப் பாருங்கோ. தலையங்கம் வர வேண்டிய இடம் காலி. வெறும் வெள்ளை!” ஒரு பழைய பத்திரிகையைப் பிரித்துக் காட்டினார். “வாங்கிப் பார்த்த ஒவ்வொருத்தனுக்கும் விஷயம் புரிஞ்சிருக்குமே! நூறு தலையங்கம் பண்ற வேலையை இந்தக் காலி இடம் பண்ணியிருக்கே!”

அனந்தலக்ஷ்மிக்குக் கண் கலங்கிவிட்டது. அவரைத் தன் அறைக்கு அழைத்துப் போனாள். “பையா, தோ சாய்” என்று சிப்பந்தியை இரண்டு டீக்கு அனுப்பிவிட்டு, இரும்பு அலமாரியைத் திறந்தாள். பெரிய பெரிய பேராசிரியர்களுக்கே லேசில் கொடுக்காத கட்டு ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“அச்சகத்தை ஜப்தி பண்ணினப்புறம் தலைமறைவா இருந்துண்டு கொண்டுவந்த பத்திரிகை, சார். ஒரு பேரைத் தடை பண்ணினா, அடுத்த வாரமே வேற பேர்ல வரும்.”

“ஊருக்குள்ளே எப்படிக் கொண்டுபோனா?”

“கறிகாய்க் கூடையில! மேலே கத்திரிக்காய், அடியில பத்திரிகை. பெண்கள்தான் தூக்கிண்டு போயிருக்கா.”

“போலீஸ்காரன் கூடையைச் சோதிக்கலையா?”

“பொம்மனாட்டிகளை யார் சந்தேகப்படுவா?”

கஸ்தூரிரங்கன் மடமடவென்று குறித்துக்கொண்டார். முகம் சிவந்து போயிருந்தது. “நினைச்சாலே பத்திண்டு வரதும்மா. ஒரு பெரிய சர்க்கார்! இத்தனையும் கண்ணுக்கு முன்னால நடந்திருக்கு, என்ன பண்ணிண்டிருந்தான்?”

“இப்போ மட்டும் என்ன வாழறது, சார்?”

அவ்வளவுதான். இத்தனை மாதம் அடக்கி வைத்ததெல்லாம் கொட்டிவிட்டது.

“என் தம்பி சுப்பு, ஒரு சின்ன வாரப் பத்திரிகையில சப் எடிட்டர். நெருக்கடி நிலை வந்த வாரம் தலையங்கத்தைக் காலியா விட்டான். வேற ஒண்ணும் பண்ணலை. மறுநாளே போலீஸ் ஆபீஸை இழுத்துப் பூட்டி, அவனைத் தேட ஆரம்பிச்சுடுத்து. அன்னிக்கு இதையே பண்ணினவாளோட பத்திரிகையை இங்கே கண்ணாடிப் பெட்டியில வெச்சு விளக்குப் போட்டுக் காட்டறோம். ஸ்கூல் குழந்தைகளை வரிசையா நிக்க வெச்சு, ‘தியாகிகள்’னு சொல்லித் தரோம். இன்னிக்கு அதையே பண்றவனுக்குக் கையில விலங்கா? எந்த ஊர் நியாயம் இது?”

சாய் வந்தது. சிப்பந்தி வெளியே போகும்வரை கஸ்தூரிரங்கன் சாயை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அப்புறம் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார்.

“பாவம். தம்பி இப்போ எங்கேம்மா?”

அனந்தலக்ஷ்மி வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

“மதராசி கேம்ப்ல. ஜங்புரா சாக்கடை ஓரம், ஒரு குடிசையில. சைக்ளோஸ்டைல் மெஷின் ஒண்ணை வெச்சுண்டு, பேப்பர்ல வராததையெல்லாம் அடிச்சுக் கொடுத்துண்டிருக்கான். அங்கே குடியிருக்கற நம்ம தமிழ்க்காராதான் சாப்பாடு போட்டுக் காப்பாத்தறா. இதை என் ஆத்துக்காரர்கிட்டகூடச் சொன்னதில்லை, சார். உங்க கோபத்தைப் பார்த்தப்புறம்தான் சொல்லணும்னு தோணித்து.”

“சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சு.”

எத்தனையோ நாளைக்கப்புறம் அவளுக்கு நெஞ்சு லேசானது. நாம் தனி ஆள் இல்லை என்ற தைரியம் வந்தது. ஆறிப்போன சாயைக்கூட ருசித்துக் குடித்தாள்.

“இதையெல்லாம் அவசியம் புஸ்தகமாக் கொண்டு வரணும், சார். இன்னிக்கு இல்லாட்டாலும் என்னிக்காவது ஜனங்க படிப்பா.”

“புஸ்தகமா?” கஸ்தூரிரங்கன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு எழுந்தார். “நான் பத்திரிகைத் தணிக்கை ஆபீஸர்மா. வெள்ளைக்காரன் விட்ட ஓட்டையையெல்லாம் அடைச்சுப் புதுசா ஒரு உத்தரவு எழுதித் தரச் சொல்லியிருக்கா. வரட்டுமா? போற வழியில மதராசி கேம்ப்ல ஒரு வேலை இருக்கு.”