நீல விளக்கு எரிந்தால்

சுகாதார நிலையத்தின் உச்சியில் நீல விளக்கு எரிந்தால், கரடிப்பாறையில் எல்லா வீட்டிலும் இணையத்தை அணைத்துவிட வேண்டும். மலையைத் தோண்டி ஊர்க்காரர்களே கேபிள் புதைத்த நாளில் போட்ட கட்டுப்பாடு அது. நகரத்தில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் இங்குள்ள இயந்திரக் கைகளால் அறுவை செய்யும்போது, மொத்த வேகமும் அவருக்கே போக வேண்டும்.

அன்று மேசையில் கிடந்தவர் வெள்ளையம்மாளின் கணவர் மாரப்பன். தலைக்குள் ரத்தக்கட்டி.

“இன்னும் ஒரு வீடு அணைக்கலை. அதுவரைக்கும் நான் கத்தி வைக்க மாட்டேன்,” என்றார் திரையில் டாக்டர்.

இணையம் ஓடும் வீடுகளின் எண்கள் எரியும் சுவர்ப் பலகையை வெள்ளையம்மாள் பார்த்தாள். அவள் வீடேதான். பதற்றத்தில் டிவியில் ஓடிய சீரியலை நிறுத்தாமல் கதவைப் பூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

சற்று நேரத்தில் அந்த எண்ணும் அணைந்தது. பக்கத்து வீட்டுக் கவிநிலா சீரியல் சத்தம் கேட்டு, கூரை ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்கி நிறுத்தியிருந்தாள். அதற்கு முன்பே, இணையத்தில் நடந்த தன் வேலைக்கான நேர்காணலையும் பாதியில் துண்டித்திருந்தாள்.

மாரப்பன் பிழைத்துக்கொண்டார்.

“உன் வேலை போச்சேம்மா,” என்று வெள்ளையம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“விடுங்க அத்தை. வியாழக்கிழமை சாயங்காலம் மறுபடி கூப்பிட்டிருக்காங்க. அந்நேரம் ஊரே லைன்ல இருக்கும், படம் திக்காம இருந்தாச் சரி.”

வியாழக்கிழமை மாலை நீல விளக்கு எரிந்தது. இணையத்தை அணைத்துவிட்டு, யாருக்கு என்னவோ என்று ஊரே ஓடிவந்தது. மேசை காலியாக இருந்தது. தலையில் கட்டோடு மாரப்பன் நீல விளக்கின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“கவிநிலா பேசிக்கிட்டிருக்கா,” என்றாள் வெள்ளையம்மாள்.

யாரும் வீட்டுக்குத் திரும்பவில்லை. பலகையில் ஒரே ஒரு வீட்டின் எண் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.