இடது கால்

"இன்னும் இறுக்கிக் கட்டு."

"வலிக்கும்ங்க."

"வலிச்சாப் பரவாயில்ல. முழங்கால் மடங்கக் கூடாது, அவ்வளவுதான்."

மகளின் பள்ளிக்கூடப் பையிலிருந்து எடுத்த இரண்டு மர ஸ்கேல்களை அவனுடைய இடது முழங்காலின் இரண்டு பக்கமும் வைத்து, கிழிந்த போர்வைத் துணியால் சுற்றிக்கொண்டிருந்தாள் மனைவி. காலில் ஒரு கீறல்கூட இல்லை.

"அவிழாத முடிச்சாப் போடு. நடுவுல மனசு மாறி நானே அவுத்துடக் கூடாது."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டாள்.

கார் பைத்தியங்கள் ஞாயிற்றுக்கிழமை கூடும் மைதானத்தில் அவனுக்கு 'கியர் மன்னன்' என்று பெயர். "ஆட்டோமேட்டிக் ஓட்டுறவன் டிரைவரே இல்ல. ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற பயணி" என்று அங்கே நின்று முழங்கியவன். நுணலும் தன் வாயால் கெடும். அவன் வேலை பார்த்த கம்பெனி கியர் வண்டிகளையெல்லாம் ஒரேயடியாகத் தள்ளிவிட்டு ஆட்டோமேட்டிக் வாங்கியது. மன்னன் நடுத்தெருவுக்கு வந்தான்.

அதற்குப் பிறகு வேலை கேட்டுப் போன இடமெல்லாம் ஆட்டோமேட்டிக்தான். வலது கால் சமர்த்து, சொன்னதைக் கேட்டது. காலமெல்லாம் கிளட்ச் மிதித்துப் பழகிய இடது கால்தான் எதிரி. வண்டியை நிறுத்தப் போகும்போதெல்லாம் அது தானாக எழுந்து, இல்லாத கிளட்சைத் தேடிப் போய், அகலமான பிரேக்கை ஓங்கி மிதித்தது. ஒரு முதலாளிக்கு நெற்றி வீங்கியது. இன்னொருவர் நடுரோட்டில் இறங்கி நடந்தே போய்விட்டார்.

இன்றைக்குக் கூப்பிட்டிருக்கும் இந்த டிரைவர் வேலையும் இல்லையென்றால் திங்கட்கிழமை மனைவி மகளோடு தன் அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். பெட்டி கட்டி வாசலில் வைத்தாயிற்று. அதைத் தாண்டித்தான் அவன் வெளியே போக வேண்டியிருந்தது.

"கிடைச்சுடும்ங்க. கவலைப்படாமப் போயிட்டு வாங்க" என்றாள். அவளே அதை நம்பியதாகத் தெரியவில்லை.

போன இடத்தில் கதவைத் திறந்தவர் வயதான ஓர் அம்மாள். கையில் ஊன்றுகோல். இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். வாசலில் ஒரு வெள்ளை ஆட்டோமேட்டிக் கார் நின்றது. அதற்குப் பின்னால் ஷெட்டில் உறை போட்டு மூடிய இன்னொரு வண்டி.

"மைதானத்துல நீங்க பேசினதைக் கேட்டிருக்கேன், தம்பி."

"அது சும்மா விளையாட்டுக்குப் பேசினது, மேடம். இந்தக் காலத்துல ஆட்டோமேட்டிக்தான் வண்டி."

அவர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "காலையில கடைக்குப் போயிட்டு வந்து நான்தான் இதை இப்படிக் குறுக்கே நிறுத்திட்டேன். எடுங்க. அப்படியே ஒரு சுத்து போயிட்டு வருவோம்."

சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி, இடது காலைக் கட்டையாக நீட்டி உட்கார்ந்தான். முதல் சிக்னலில் சிவப்பு விழுந்தது. தொடை துடித்தது, முழங்கால் திமிறியது, ஸ்கேல்கள் விடவில்லை. உள்ளே ஓர் அசைவுகூட இல்லாமல் வண்டி வழுக்கிக்கொண்டு போய் நின்றது.

அடுத்த சிக்னலிலும் அப்படியே. பக்கத்தில் அம்மாள் தலையாட்டினார். அவனுக்கு அழுகை வந்தது. அங்கிருந்தே வீட்டுக்குப் போன் போட்டுப் பெட்டியைப் பிரிக்கச் சொல்லலாமா என்று நினைத்தான்.

திரும்பி வந்து இறங்கும்போதுதான் மாட்டிக்கொண்டான். காலை மடக்க முடியாமல் கதவைப் பிடித்துத் தொங்கி, ஒரு வழியாக வெளியே வந்து, நொண்டி நொண்டி நின்றான்.

"இடது கால்ல என்ன?"

"ஒண்ணுமில்ல, மேடம். பிறவியிலேயே மடங்காது. ஓட்டுறதுக்கு ஒரு தொந்தரவும் கிடையாது, நீங்களே பாத்தீங்களே."

"பிறவியிலேயேவா?" அம்மாளின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப மைதானத்துல கிளட்ச் கிளட்ச்னு பேசினதெல்லாம் வெறும் வாய்ப்பந்தலா?"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் மெல்ல ஷெட்டுக்குள் போய் உறையைப் பிடித்து இழுத்தார். சிவப்பு நிறத்தில் பழைய கார் ஒன்று, துடைத்து வைத்த பாத்திரமாக மின்னியது. கண்ணாடி வழியாக, கை பட்டுப் பட்டுத் தேய்ந்த கியர் தண்டு தெரிந்தது.

"அந்த வெள்ளை வண்டிக்கு ஒரு கால் போதும், அதை நானே ஓட்டிக்குவேன். இதுதான் என் உயிர். முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் என்னால கிளட்சை மிதிக்க முடியல. வாரத்துல நாலு நாள் இதுல என்னைக் கூட்டிட்டுப் போக ஆள் வேணும். உங்க பேச்சைக் கேட்டுத்தான் உங்களை முதல்ல கூப்பிட்டேன்."

அவர் அவன் காலைப் பரிதாபமாகப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்க, தம்பி. அடுத்த ஆளை வரச் சொல்றேன்." போனை எடுத்து எண்ணைத் தேட ஆரம்பித்தார்.

அவன் அப்படியே தரையில் விழுந்து, பேண்டை முழங்காலுக்கு மேலே சுருட்டி, முடிச்சை நகத்தால் பிறாண்டினான். இழுத்தான். கடிக்கக் குனிந்தான், வாய் எட்டவில்லை. சொன்ன சொல் தட்டாதவள் அவன் மனைவி. ஒரு முடிச்சுகூட அசைந்து கொடுக்கவில்லை.

அம்மாள் போனைக் காதில் வைத்தார்.

"மேடம், ஒரு கத்தரிக்கோல் கிடைக்குமா?"