திரும்பி நடந்தவர்

"அப்பா, அவர் விழுந்தப்போ நீங்க ஏன் போய்ப் பாக்கல?"

பழைய கிரிக்கெட் வீடியோவைப் பார்த்த ஏழு வயது மகள் கேட்டாள். கடவுளே கேட்டதுபோல் இருந்தது தனுஷ்கோடிக்கு. அந்த ஆட்டத்தில் அவருடைய வேகப்பந்து, எதிரணியில் மட்டை பிடித்த சேவியரின் காதோரம் பட்டது. அடிபட்டவரிடம் பந்து வீசியவர் ஓடிப்போவதுதான் வழக்கம். தனுஷ்கோடியோ அடுத்த பந்துக்காகத் திரும்பி நடந்தார். கூட்டம் கைதட்டியது. அந்த வேகம் அவருக்குப் பத்து வருடம் சோறு போட்டது. சேவியர் அதன்பின் பெரிய ஆட்டம் எதுவும் ஆடவில்லை.

மகள் கேட்டுப் பல வருடம் கழித்து, மூத்தோர் ஆட்டம் ஒன்றில் இருவரும் ஆடினார்கள். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். உடை மாற்றும் அறையில் சேவியர் மட்டும் கால் பேடுகளோடு உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிட வரலையா?"

"யாராச்சும் வந்து இதை அவுத்துவிடணும். குனிஞ்சா தலை சுத்துது."

"எப்பருந்து?"

சேவியர் சிரித்தார். "உன் பந்துக்கெல்லாம் நல்லாத்தான்யா குனிஞ்சேன். அன்னைக்கு ஒருநாள்தான் குனியாம விட்டுட்டேன்."

தனுஷ்கோடி கதவைச் சாத்திவிட்டு வந்து, அறுவை சிகிச்சை செய்த முழங்காலைத் தரையில் ஊன்றி மண்டியிட்டார். பேடின் முதல் வாரை அவிழ்த்தார்.

"விடுய்யா, யாராவது கதவைத் திறந்து பாத்துடப் போறாங்க."

அவர் கை அடுத்த வாரைத் தேடியது.