பசை காய்ந்த பிறகு

முதலில் டிரைவருக்குச் சாயம் பூச வேண்டும், பிறகுதான் லாரியின் கூரையை ஒட்ட வேண்டும். மேசைமேல் பொம்மைப் படைகளை மோதவிட்டு விளையாடும் எங்கள் கூட்டத்தில் இது தெரியாதவன் கிடையாது. எனக்குத்தான் புத்தி புல் மேயப் போயிருந்தது.

டிராக்டர் பொம்மையின் சக்கரங்களையும் உடைந்த பீரங்கி வண்டியின் உடலையும் சேர்த்து நானே செய்த லாரி அது. உள்ளே பழைய ஈயக் குட்டிச்சாத்தான் பொம்மை ஒன்று சாயமே இல்லாமல் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது. கூரையையும் ஜன்னல் கண்ணாடியையும் ஒட்டியாகிவிட்டது. இனித் தூரிகை நுழையாது.

டீ கொண்டுவந்த அக்கா குனிந்து பார்த்தாள்.

"கட்டம் போட்ட சட்டை. அத்தானோடது மாதிரியே பூசியிருக்கியேடா."

"நான் பூசவே இல்லக்கா."

டார்ச் அடித்துப் பார்த்தேன். குட்டிச்சாத்தான்களுக்கு நாங்கள் பூசும் அதே பச்சை முகம், நீலக் கட்டம் போட்ட சட்டை. அத்தானும் லாரி டிரைவர்தான். விபத்தில் கதவு நசுங்கித் திறக்க முடியாமல் உள்ளேயே இறந்துபோனார்.

"தெறந்து விடுடா," என்றாள் அக்கா.

கூரையை நெம்பினேன். கத்தி முனைதான் உடைந்தது.

"கூரைய விடு. கதவத் தெற."

"அது கதவே இல்லக்கா. அச்சுல வார்த்த வெறும் கோடு."

மறுநாள் ஸ்டியரிங்கில் ஒரு கைதான் இருந்தது. மற்றொரு கை உள்பக்கமாகக் கண்ணாடியில் விரிந்திருந்தது. அதைச் சுற்றி ஈரம் காயாத பச்சைச் சாயம்.

அக்கா வெளியிலிருந்து அந்தக் கோட்டை நகத்தால் கீறிக்கொண்டே இருக்கிறாள்.