இரண்டாவது தடவை

"இங்கேயே எங்களோட இருந்துடறீங்களா, ஆயி?"

பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த குமுதினியின் கை அப்படியே நின்றது. கேட்டது மருமகள் ஹேலி. மாமியாரை மராத்தியில் அம்மா என்பதுபோல 'ஆயி' என்றுதான் கூப்பிடுவாள். சமையல் மேடைக்கு அந்தப் பக்கம் நின்று, முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

மறுநாள் காலை விமானம். மெல்பர்னிலிருந்து மும்பை, அங்கிருந்து ஊருக்கு, சாங்க்லிக்கு. மகன் மந்தாரின் வருஷத் திதிக்காக மெல்பர்னை அடுத்த இந்த ஜீலாங்குக்கு வந்தவள், வந்த நாளிலிருந்து இந்த ஒரு கேள்விக்காகத்தான் காத்துக்கிடந்தாள்.

சாங்க்லியில் என்ன இருக்கிறது? பூட்டிய வீடு. கணவர் போய் வெகுகாலம் ஆகிறது. பெற்றது ஒன்றே ஒன்று, அதுவும் போய்விட்டது. இந்த உலகத்தில் அவளுக்கென்று மிச்சமிருப்பது, அடுத்த அறையில் மதியத் தூக்கம் போடும் பேத்தி ஈரா மட்டும்தான்.

நெஞ்சு முழுக்க "சரி" என்றுதான் இருந்தது.

"ஐயையோ, வேண்டாம்மா. உனக்கு எதுக்கு வீண் தொந்தரவு?" என்றது வாய்.

வேறென்ன சொல்லும்? முதல் தடவை கேட்டதுமே சரி என்பவளை சாங்க்லியில் யார் மதிப்பார்கள்? அலைகிறாள் என்பார்கள். அங்கே கல்யாணப் பந்தியில் ஒரு ஜிலேபிகூட அப்படி இலையில் விழாது. சாப்பிடுகிறவர் இலைமேல் கையை விரித்துக்கொண்டு "போதும், போதும்" என்று கத்த வேண்டும். பரிமாறுகிறவர் விரலிடுக்கில் நுழைத்தாவது இரண்டு வைத்துவிட்டுப் போக வேண்டும். மறுக்காத விருந்தாளியையும் பேசுவார்கள், வற்புறுத்தாத வீட்டுக்காரரை அதைவிட அதிகமாகப் பேசுவார்கள்.

ஜீலாங்கில் இதெல்லாம் செல்லாது என்று அவளுக்குத் தெரியாமலும் இல்லை. வந்த புதிதில், "டீ குடிக்கறீங்களா?" என்று ஹேலி கேட்டாள். "இப்ப எதுக்கு" என்றாள் இவள். ஹேலி தனக்கு மட்டும் போட்டுக் குடித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். ஒரு வாரம் தலைவலியோடு திண்டாடிய பிறகுதான் கேட்டதும் தலையாட்டப் பழகினாள்.

டீ விஷயத்தில் திருந்த முடிந்தது. ஆனால் மகன் இல்லாத வீட்டில், மருமகள் சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு, கேட்ட மாத்திரத்தில் தலையாட்டுவதா? அது அவளால் ஆகவில்லை.

தலையைக் குனிந்துகொண்டு, துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தாள்.

கேளடி பெண்ணே. இன்னொரு தடவை கேள். கோபித்துக்கொள். "குழந்தையை வெச்சுக்கிட்டு ஒத்தையா நான் என்ன பண்ணுவேன்" என்று ஒரு வார்த்தை சொல். மூன்றாவது தடவைவரை உன்னைக் காக்க வைக்க மாட்டேன். இரண்டாவதிலேயே சரி என்றுவிடுகிறேன்.

ஹேலி மேடையைச் சுற்றி வந்தாள். குமுதினியின் ஈரக் கையை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. இதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தாள் குமுதினி.

"சரி ஆயி. இனிமே கேக்க மாட்டேன். கெஞ்சணும்போலதான் இருக்கு. ஆனா மந்தாருக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

"என்ன வாக்கு?"

"ஆஸ்பத்திரியில, கடைசி நாள்ல வாங்கிக்கிட்டான். 'எங்கம்மா வேண்டாம்னு சொன்னதை எங்க வீட்ல ஒருத்தரும் காதுல போட்டுக்கிட்டதே இல்ல. சின்ன வயசுல தன் படிப்பை நிறுத்த வேண்டாம்னாங்க, பெரியவங்க நிறுத்தினாங்க. இப்ப கல்யாணம் வேண்டாம்னாங்க, பண்ணி வெச்சாங்க. நீயாவது அவங்க வேண்டாம்னா அதோட விட்டுடு, வற்புறுத்தாதே'ன்னான்."

குமுதினி வாயைத் திறந்தாள்.

இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. "சரி" என்ற ஒரு சொல் போதும். ஆனால் சாகக் கிடந்த பிள்ளை, தனக்கென்று எதுவும் கேட்காமல், அம்மாவுக்காகக் கேட்டு வாங்கியது அது. அவள் சொன்ன ஒரு "வேண்டாம்" நிற்பது, பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. அதைப் போய் சும்மா ஒப்புக்குச் சொன்னேன் என்று எப்படிச் சொல்வாள்?

"அவன் எப்பவுமே நல்ல பிள்ளை," என்றாள்.

பிறகு பெட்டி கட்டப் போனாள்.